அரிசிப் பெட்டிக்குள் எத்தனை கந்தாங்?

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் எங்கள் தோட்டத்துக் கோயில் மடப்பள்ளிக்காகப் பால்மரப் (ரப்பர் மரப்) பலகையில் ஓர் அரிசிப் பெட்டி செய்தோம். மேல்மூடி தனி. வெளியளவு 24 அங்குல நீளம், 12 அகலம், 12 உயரம். இழைத்த பலகை ஓர் அங்குலத் தடிப்பு. பத்துக் கிலோ மூட்டை நாலு பிடிக்கும் என்று கணக்குப் போட்டிருந்தேன். மூன்றைக் கொட்டிய பிறகு, நாலாவதில் இரண்டு கிலோதான் இறங்கியது.

சமைக்கும் அக்கா முதலிலேயே கேட்டார்: "எத்தனை கந்தாங் பிடிக்கும், தம்பி?" கந்தாங் என்பது இங்கே அரிசி அளக்கும் பழைய முகத்தலளவை. தச்சர் அண்ணன் பேசியதோ அங்குலத்தில். இரண்டையும் இணைக்காமல் விட்டதுதான் என் தவறு.

பலகையைக் கோலால் அளக்கிறோம், அரிசியைப் பாத்திரத்தால். பிரிட்டிஷ் காலத்தில் இங்கே கந்தாங் என்பது ஓர் இம்பீரியல் கேலன். அதில் கால் பங்கு ஒரு சுப்பாக். 1824-இல் பிரிட்டனில் அந்தக் கேலனை வரையறுத்தபோது பத்து பவுண்டு தண்ணீர் அடைக்கும் இடம் என்றுதான் வைத்தார்கள். அங்குலம் அதில் வரவே இல்லை. அதனால்தான் ஒரு கந்தாங் 277.42 கன அங்குலம் என்று ஒட்டாத எண்ணாக நிற்கிறது. லிட்டரில் 4.546.

அமெரிக்கர்களின் கேலன் சரியாக 231 கன அங்குலம். அவர்கள் மரத்தை அளப்பது போர்டு ஃபுட்டில்: ஓர் அடி நீளம், ஓர் அடி அகலம், ஓர் அங்குலத் தடிப்பு, ஆக 144 கன அங்குலம், 2.36 லிட்டர். கேலனுக்கு 16 கப் என்பதால் ஒரு போர்டு ஃபுட் அவர்களுக்கு ஏறக்குறைய பத்து கப். நம் 250 மில்லிலிட்டர் கப்பில் 9.4 தான்.

இப்போது பெட்டிக்கு வருவோம். வெளியளவைப் பெருக்கினால் 3,456 கன அங்குலம், பன்னிரண்டரை கந்தாங். உள்ளளவு 22, 10, 11. பெருக்கினால் 2,420 கன அங்குலம், அதாவது 8.7 கந்தாங், 39.7 லிட்டர். அரிசி லிட்டருக்குச் சுமார் 0.8 கிலோ. (அரிசி தண்ணீரில் மூழ்கும், ஆனாலும் மணிகளுக்கு நடுவே காற்று இருப்பதால் எடை குறைகிறது.) ஆக 32 கிலோ. மீதி 1,036 கன அங்குலமும் மரமே: 7.2 போர்டு ஃபுட். மொத்த இடத்தில் பத்தில் மூன்று பங்கைப் பலகையே எடுத்துக்கொண்டது! ஒரே பெட்டி இரண்டு கணக்குக்கும் விடை சொல்வது எனக்கு மிகவும் பிடித்துப்போனது.

வாங்கும்போது இன்னும் கூடும். இழைத்து ஓர் அங்குலம் நிற்க, ஒன்றேகால் அங்குலப் பலகை எடுத்தோம். 7.2 அங்கே 9 ஆகிவிடுகிறது, துண்டு கழிவு வேறு. நம் ஊர் மர வியாபாரத்தில் டன் என்பதும் எடை அல்ல, 50 கன அடி. 600 போர்டு ஃபுட். உலர்ந்த பால்மரம் அந்த அளவுக்குச் சுமார் 850 கிலோதான் இருக்கும்.

வீட்டில் பால் டின்னால் அரிசி அளப்பவர்கள் டின்னில் தண்ணீர் நிரப்பித் தராசில் வையுங்கள். டின்னின் எடையைக் கழித்தால் வரும் கிராம்தான் அதன் மில்லிலிட்டர். அதை 16.4 ஆல் வகுத்தால் கன அங்குலம் கிடைத்துவிடும்.

அடுத்த பெட்டிக்கு நாலு மூட்டை வேண்டும், அதாவது 50 லிட்டர், 3,050 கன அங்குலம். அடிப்பக்கம் அதே 22-க்கு 10. கொஞ்சம் இடம் விட்டு, உள்ளுயரம் 15 அங்குலம் என்று தச்சர் அண்ணனிடம் எழுதிக் கொடுத்துவிட்டேன்.