"ரீச்சர், இவன் வேணுமெண்டு தட்டினவன்!"

திருகோணமலை நகரில் ஒரு பாடசாலை. இடைவேளை மணி அடித்து ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை, குழாயடியில் நீண்ட வரிசை. தரம் 4 படிக்கும் ஒரு பையனின் தண்ணீர்ப் போத்தல் கீழே விழுந்து மூடி உடைகிறது. அடுத்த கணமே பின்னால் நின்றவனின் சட்டைக் கொலரில் அவன் கை. ஓடிவந்த ஆசிரியையிடம் அவன் சொன்னதுதான் மேலே உள்ள தலைப்பு.

'வேணுமெண்டு.' சண்டையின் விதை இந்தச் சொல்லுக்குள் இருக்கிறது. அமெரிக்க உளவியலாளர் கென்னத் டொட்ஜ் 1980இல் இதை ஆராய்ந்தார். ஒரு சிறுவன் பாதி அடுக்கிய படப்புதிரை இன்னொருவன் குலைத்துவிட்டான் என்று வைத்துக்கொள்ளுங்கள். தவறுதலாக நடந்தது என்று தெளிவாகத் தெரிந்தால், சண்டைக்காரச் சிறுவர்களும் மற்றவர்களும் ஒரே மாதிரித்தான் நடந்துகொண்டார்கள். ஏன் நடந்தது என்று தெரியாதபோதுதான் வித்தியாசம் வந்தது. சண்டைக்காரச் சிறுவர்கள் அதை வேண்டுமென்று செய்ததாகவே எடுத்துக்கொண்டார்கள்.

அப்படியென்றால் நாம் திருத்த வேண்டியது அந்த ஊகத்தை. ஆனால் கை கொலரில் இருக்கும்போது அது நடக்காது. மூளையின் ஆழத்தில் வாதுமைப் பருப்பின் வடிவில் இருக்கும் அமிக்டலா ஆபத்து என்று எச்சரித்துவிட்டால் நெஞ்சு படபடக்கும், தசைகள் இறுகும். நிதானமாக யோசிக்க உதவும் நெற்றிப்புற மூளையோ 20 வயதைத் தாண்டியும் முதிர்ந்துகொண்டிருக்கும் பகுதி. ஒன்பது வயதுப் பிள்ளையிடம் அந்த நேரத்தில் "மன்னிப்புக் கேள்" என்றால், வாய் கேட்கும், மனம் கேட்காது.

அந்த ஆசிரியை செய்தது எனக்கு மிகவும் பிடித்திருந்தது. இருவரையும் மரநிழலில் உட்காரவைத்து, "ராசா, நெஞ்சில கை வைச்சுப் பார். இப்ப மெதுவா மூச்சை விடு" என்றார். மூச்சை நீளமாக வெளியே விடும்போது, மூளையிலிருந்து இதயம்வரை போகும் வேகஸ் நரம்பு இதயத் துடிப்பைத் தணிக்கும். அப்புறம்தான் போத்தல் உடைந்தவனிடம் கேட்டார்: "உனக்கு உண்மையா என்ன செய்தது?"

"கோவம்" என்றான் முதலில். எங்கள் பிள்ளைகள் வெட்கத்துக்கும் ஏமாற்றத்துக்கும் பயத்துக்கும் அந்த ஒரு சொல்லைத்தான் வைத்திருக்கிறார்கள். கொஞ்ச நேரம் கழித்து, "அம்மா ஏசுவா எண்டு பயமா இருந்தது" என்றான். உணர்ச்சிக்குச் சரியான பெயர் வைத்தால் அமிக்டலாவின் கொதிப்பு குறைகிறது என்பதை உளவியலாளர் மத்தியூ லீபர்மனின் குழு 2007இல் மூளை வருடிப் படங்களில் கண்டது. மரநிழலில் நான் கண்டது மற்றவனின் முகம் மாறியதை. "என்னைப் பின்னால தள்ளினவை, அதாலதான் பட்டது" என்றான் மெதுவாக.

தீர்ப்பு எதையும் ஆசிரியை சொல்லவில்லை. "இப்ப என்ன செய்யலாம்? வேற?" என்று மட்டும் கேட்டார். விடையைக் கொடுக்காமல் பிள்ளையையே பல வழிகளை யோசிக்கவைக்கும் முறையை மைர்னா ஷூர், ஜோர்ஜ் ஸ்பிவக் என்ற இரு உளவியலாளர்கள் அமெரிக்காவின் பிலடெல்பியாவில் வளர்த்தெடுத்தார்கள். இங்கே பிள்ளைகள் கண்டுபிடித்தது ஒரு ஷொப்பிங் பைத் துண்டும் றப்பர் பாண்டும். அதுதான் அன்றைக்கு மூடி.

புலமைப்பரிசில் பரீட்சை நெருங்கும்போது இதற்கெல்லாம் நேரம் ஏது என்று பெற்றோர் கேட்பது நியாயம்தான். இத்தகைய 213 பாடசாலைத் திட்டங்களை, 2,70,000 மாணவர்களின் தரவுகளோடு, 2011இல் தொகுத்துப் பார்த்தபோது பங்கெடுத்த மாணவர்கள் படிப்பிலும் மற்றவர்களை முந்தியிருந்தார்கள்.

திருகோணமலையில் இன்னொன்றும் இருக்கிறது. தமிழ், முஸ்லிம், சிங்களப் பிள்ளைகள் ஒரே கடற்காற்றில் வளர்ந்தாலும் பெரும்பாலும் வேறு வேறு பாடசாலைகளில் படிக்கிறார்கள். தெரியாத பிள்ளை மீது 'வேணுமெண்டு' இன்னும் சுலபமாக ஒட்டிக்கொள்ளும். 1971இல் அமெரிக்காவின் ஒஸ்டின் நகரில், வெவ்வேறு இனப் பிள்ளைகள் ஒரே வகுப்பில் சேர்ந்தபோது எழுந்த பகையைத் தணிக்க, உளவியலாளர் எலியட் அரொன்சன் பாடத்தைத் துண்டு துண்டாகப் பிரித்தார். ஐந்தாறு பேர் கொண்ட குழுவில் ஒவ்வொருவரிடமும் ஒரு துண்டு. அவர் சொல்லித்தந்தால்தான் மற்றவர்கள் சோதனை எழுதலாம். ஆங்கிலம் தடுமாறிய சிறுவனை முதலில் கேலி செய்தவர்கள், அவன் துண்டு இல்லாமல் முடியாது என்று புரிந்ததும் பொறுமையாகக் கேள்வி கேட்கப் பழகினார்கள்.

வலயப் போட்டிகளுக்கும் முகாம்களுக்கும் பிள்ளைகள் கூடும் நாட்களில் எங்கள் ஊரையே இப்படிப் பிரிக்கலாம். ஒருவருக்குக் கோணேசர் கோவில், ஒருவருக்குப் பிரெட்றிக் கோட்டை, ஒருவருக்கு நிலாவெளிக் கரைவலை. 2009இல் கிண்ணியாப் பாலம் திறக்கும் முன் ஓடிய படகுப்பாதை அந்த ஊர்ப் பிள்ளைக்கு. உம்மாவிடம் கேட்டு வந்து அவர் சொல்லட்டும். மற்றவர்கள் சுற்றியிருந்து கேட்பார்கள்: "அதில வாகனமும் ஏறுமா? கடும் மழைக்கு என்ன செய்தவை?"