கவுண்டி: 'மாவட்டம்' என்று எழுதினால் போதுமா?

'கவுண்டி' நம்மில் பலருக்குக் கிரிக்கெட் வழியாகத்தான் பழக்கமானது. சர்ரே, லங்காஷயர் என்று அணிகளின் பெயர் தெரியும். கவுண்டி என்றால் என்னவென்று கேட்டதில்லை. அமெரிக்காவில் அது மாநிலத்துக்குக் கீழுள்ள ஆட்சி அலகு. அமெரிக்க உள்ளாட்சிச் செய்தி ஒன்றைத் தமிழில் எழுத உட்காரும்போது அதை என்னவென்று எழுதுவது என்ற கேள்வி வந்து நிற்கிறது. 'மாவட்டம்' என்று போட்டுவிட்டு அடுத்த வரிக்குப் போய்விடுகிறோம். அது வாசகரைத் தவறான இடத்துக்குக் கொண்டுபோய் விடுகிறது.

இலத்தீனில் 'கோமெஸ்' என்றால் உடன் செல்பவன். உரோமப் பேரரசின் பிற்காலத்தில் பேரரசரை அண்டியிருந்த உயர் அதிகாரிகளுக்கு அதுவே பட்டமானது. அதிலிருந்து வந்த 'கோமிட்டாட்டுஸ்' பிரெஞ்சு வாயில் தேய்ந்து, ஒரு பிரபுவின் ஆட்சிப்பரப்பைக் குறித்தது. 1066இல் இங்கிலாந்தை வென்ற நார்மானியர் அச்சொல்லைக் கொண்டுவந்தார்கள். அங்கே முன்பே 'ஷயர்' இருந்தது. லங்காஷயரின் வால் அதுதான். ஷயரின் அதிகாரி 'ரீவ்'. இரண்டும் ஒட்டி 'ஷெரிஃப்' ஆயிற்று. குடியேறிகளோடு கவுண்டியும் ஷெரிஃபும் அட்லாண்டிக்கைக் கடந்தன. பிரபு வரவில்லை. அவர் இடத்தில் இன்று இருப்பவர்கள் வாக்காளர்கள் தேர்ந்தெடுத்தவர்கள்.

மாவட்டம் என்றதும் தமிழ்நாட்டு வாசகர் கண்முன் வருபவர் அரசு நியமித்த ஆட்சியர். அதனால்தான் அந்தச் சொல் இங்கே பொருந்தவில்லை. அமெரிக்கக் கவுண்டிகள் பெரும்பாலானவற்றில் தேர்ந்தெடுக்கப்பட்ட அவை வரி விதிக்கிறது, வரவுசெலவுத் திட்டத்தை நிறைவேற்றுகிறது. போதாக்குறைக்கு அங்கே 'டிஸ்ட்ரிக்ட்' என்று தனியாகவே பல உண்டு. பள்ளி நிர்வாக எல்லையும் தேர்தல் தொகுதியும் டிஸ்ட்ரிக்ட்தான். அளவும் ஒரே சீராக இல்லை. லாஸ் ஏஞ்சலஸ் கவுண்டியில் ஏறத்தாழ 1 கோடிப் பேர். டெக்சாஸின் லவ்விங் கவுண்டியில் 2020 கணக்கெடுப்பின்படி 64 பேர்.

சியாட்டில் நகரம் இருக்கும் கிங் கவுண்டியைப் பாருங்கள். 9 உறுப்பினர் மன்றம், தனியாகத் தேர்வாகும் நிர்வாகத் தலைவர். அமெரிக்கத் துணை அதிபராக இருந்தவரும் அடிமைகளை வைத்திருந்தவருமான வில்லியம் ரூஃபஸ் கிங்கின் பெயர் முதலில் அதற்கு இருந்தது. அந்தக் 'கிங்' இனி மார்ட்டின் லூதர் கிங்கையே குறிக்கும் என்று 1986இல் மன்றம் தீர்மானித்தது. மாநிலச் சட்டம் அதை ஏற்றது 2005இல். கவுண்டி மாநிலத்தின் படைப்பு என்பதால் இந்தக் காத்திருப்பு.

2021இல் பணம் அப்படிக் காத்திருக்கவில்லை. அந்த ஆண்டு மார்ச் 11 அன்று கையெழுத்தான அமெரிக்க மீட்புத் திட்டச் சட்டம் கவுண்டிகளுக்கென 6,510 கோடி டாலரை மக்கள்தொகைப்படி பிரித்தது. முந்தைய ஆண்டின் கொரோனா நிதியில் 5 லட்சத்துக்கு மேல் மக்கள் உள்ள உள்ளாட்சிகளுக்கே நேரடிப் பங்கு கிடைத்தது. இம்முறை சிறிய கவுண்டிக்கும் கூட்டரசு (ஃபெடரல்) கருவூலமே நேராக அனுப்பியது. பொதுச் சுகாதாரம், குடிநீர், கழிவுநீர், இணைய வசதி, பெருந்தொற்றால் இழந்த வருவாய் என்று வழிகள் திறந்திருந்தன. ஓய்வூதிய நிதியில் போடக் கூடாது.

இதைத் தமிழில் எழுதுவோர் எல்லாவற்றுக்கும் 'ஒதுக்கீடு' என்கிறார்கள். சட்டம் மூன்று கட்டம் பார்க்கிறது. கழிவுநீர்க் குழாய் மாற்ற மன்றம் தொகையை ஒப்பினால் அது ஒதுக்கீடு. குழாய் பதிக்கும் ஒப்பந்ததாரரோடு கையெழுத்தானால் கடப்பாடு. பில் பட்டுவாடா ஆனால் செலவு. கடப்பாட்டுக்குக் கெடு டிசம்பர் 31, 2024; செலவுக்கு டிசம்பர் 31, 2026. ஒதுக்கீடும் கடப்பாடும் கலந்துபோனால், பணம் திரும்பிப் போகும் அபாயம் வாசகருக்குப் புரியாமலே போகும்.

இன்னொரு தவறு இதைவிடப் பெரிது. மன்றம் நிறைவேற்றும் 'ஆர்டினன்ஸ்' நம் செய்திகளில் 'அவசரச் சட்டம்' ஆகிவிடுகிறது. இந்தியாவில் அவை கூடாத வேளையில் குடியரசுத் தலைவரோ ஆளுநரோ பிறப்பிப்பது அது. கவுண்டியில் அதுவே மன்றம் கூடி விவாதித்து வாக்கெடுத்து இயற்றும் சாதாரண உள்ளாட்சிச் சட்டம். 'மன்றச் சட்டம்' என்றால் சரியாக இருக்கும்.

'நிவாரணம்' என்றால் வெள்ளத்துக்குப் பின் குடும்பத்துக்குக் கையில் கிடைக்கும் தொகை என்று நாம் பழகியிருக்கிறோம். 2021இல் கவுண்டிகளுக்குப் போனதோ அரசிடமிருந்து அரசுக்குப் போகும் பணம். 'மீட்பு நிதி' பொருந்தும். 'ஃபெடரல்' என்பதற்கு மலேசியத் தமிழர் நாள்தோறும் எழுதும் 'கூட்டரசு' இருக்கிறது.

கவுண்டிக்கு? சோழர் காலத்து 'நாடு' மிக நெருங்கி வருகிறது. ஊர்களுக்கு மேல், வளநாட்டுக்குக் கீழ் நின்ற அலகு. நாட்டார் கூடி முடிவெடுத்தார்கள். எனக்கு அதன்மேல் ஆசை உண்டு. ஆனால் இன்று 'கிங் நாடு' என்றால் தேசம் என்றே படிப்பார்கள். இன்னொரு பழைய அலகுப் பெயரான 'கோட்டம்' வருவாய்த் துறையிலும் மின்வாரியத்திலும் வேலைக்குப் போய்விட்டது. 'கவுண்டி' அப்படியே இருக்கட்டும். அவைக்கு ஊர் கூடும் பொதுவிடத்தின் பழம்பெயரான 'மன்றம்' இருக்கிறது. என் வாக்கியம் இப்படி வரும்: 'கூட்டரசு மீட்பு நிதியில் கழிவுநீர்த் திட்டத்துக்கான தொகையை ஒதுக்கும் மன்றச் சட்டத்தைக் கவுண்டி மன்றம் நிறைவேற்றியது, ஒப்பந்தம் இன்னும் கையெழுத்தாகவில்லை.'