அமெரிக்கக் குடியேற்றத் தடுப்புக்காவல்: உள்ளே இருப்பவருக்கு உள்ள உரிமைகள்

அமெரிக்காவில் இருக்கும் தம்பியையோ மைத்துனரையோ குடியேற்றத் துறை பிடித்துக்கொண்டு போய்விட்டது என்று செய்தி வந்தால், வீட்டில் யாராவது ஒருவர், “விசா முடிந்து தங்கியவன்தானே, அவனுக்கு என்ன உரிமை இருக்கப்போகிறது?” என்று சொல்லிவிடுகிறார். அது தவறு. உரிய சட்ட நடைமுறை இல்லாமல் எந்த ‘நபரின்’ உயிரையும் சுதந்திரத்தையும் சொத்தையும் பறிக்கக் கூடாது என்கிறது அமெரிக்க அரசியலமைப்பின் 5ஆம் திருத்தம். ‘குடிமகன்’ என்ற சொல் அங்கே இல்லை. 1903இல் ஒரு ஜப்பானியப் பெண் தொடுத்த வழக்கில் அவர் தோற்றார். ஆனால் நாட்டுக்குள் வந்துவிட்ட ஒருவரை, அவர் தரப்பைச் சொல்ல வாய்ப்பே தராமல் வெளியேற்ற முடியாது என்ற விதி அந்தத் தீர்ப்பில்தான் பிறந்தது. 2025 ஏப்ரலில்கூட உச்ச நீதிமன்றம் அதை மீண்டும் உறுதிசெய்தது.

நடைமுறையில் இதற்கு என்ன பொருள்? எதற்காக வெளியேற்றப் பார்க்கிறார்கள் என்பதை எழுத்தில் தர வேண்டும். குடியேற்ற நீதிபதி முன் நின்று பதில் சொல்லலாம், தனக்கு எதிரான ஆதாரங்களைப் பார்க்கலாம், தன் சாட்சிகளைக் கொண்டுவரலாம், தீர்ப்பை எதிர்த்து மேல்முறையீடு செய்யலாம். வழக்கறிஞர் வைத்துக்கொள்ளும் உரிமையும் உண்டு. ஆனால் அரசு செலவில் அல்ல. எனக்கு இன்றும் ஆறாத இடம் இதுதான்: அரசுக்காகப் பேச ஒரு வழக்கறிஞர் வந்து நிற்பார், காவலில் இருப்பவர், ஆங்கிலம் தெரியாதவராக இருந்தாலும், தனியாக நிற்க வேண்டியிருக்கும். அந்த நீதிபதியும் நீதித்துறையைச் சேர்ந்தவர் அல்லர். அரசின் நீதி அமைச்சகத்துக்குக் கீழே பணிபுரிபவர். ஆகவே முதல் நாளே, “வழக்கறிஞர் தேட அவகாசம் வேண்டும்” என்று கேட்டுவிட வேண்டும். இலவச சட்ட உதவி தருவோரின் பட்டியலை நீதிமன்றமே தரும்.

எல்லையில் பிடிபட்டவரின் நிலை வேறு. இதற்கான தீர்ப்பு ஓர் ஈழத் தமிழரின் வழக்கிலேயே வந்தது. 2017இல் அவர் மெக்சிகோ எல்லையைத் தாண்டி 25 கெஜத்துக்குள் பிடிபட்டார். இலங்கையில் சிலர் தன்னைக் கடத்திக் கொண்டுபோய்க் கடுமையாக அடித்ததாக அதிகாரியிடம் சொன்னார். அவர் சொன்னதை அதிகாரி நம்பினார். ஆனால் அடித்தவர்கள் யார், ஏன் அடித்தார்கள் என்று அவருக்குச் சொல்லத் தெரியவில்லை என்பதால் ஊர் திரும்ப அவருக்கு இருந்த அச்சம் புகலிடம் கேட்கப் போதுமானதல்ல என்று முடிவாகியது. ஆள் கடத்துபவர்கள் பெயரும் காரணமும் சொல்லிவிட்டா கடத்துவார்கள்? 2020 ஜூனில் உச்ச நீதிமன்றம், வாசலில் பிடிபட்டவருக்கு நாடாளுமன்றம் சட்டத்தில் எழுதிக்கொடுத்த உரிமைகள் மட்டுமே உண்டு என்றது.

அப்படி எழுதிக்கொடுத்தவை 1996ஆம் ஆண்டுச் சட்டத்தில் இருக்கின்றன. “திரும்பிப் போக பயமாக இருக்கிறது” என்று சொன்னால் புகலிட அதிகாரி நேர்காணல் நடத்த வேண்டும். அதற்கு முன் விரும்பிய ஒருவரிடம் ஆலோசனை கேட்கலாம். முடிவு பாதகமாக வந்தால் நீதிபதி மறுபடி பார்க்க வேண்டும் என்று கேட்கலாம். 7 நாளுக்குள் அது நடக்க வேண்டும். முழு விசாரணை இல்லாமல் சீக்கிரம் வெளியேற்றும் இந்த விரைவு முறையை, அனுமதியின்றி நுழைந்து 2 ஆண்டு நிறைவாகாதவர்களுக்காக நாடு முழுவதும் விரிக்க 2025 ஜனவரியில் அரசு முயன்றது. அதை எதிர்த்து வழக்குகள் எழுந்தன. 2 ஆண்டுக்கு மேல் இருப்பவர்கள் வாடகை ரசீது, சம்பளச் சீட்டு போன்றவற்றின் நகலை எளிதில் எடுக்கும்படி வைத்திருப்பது நல்லது.

மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று கேட்பது முழு உரிமை. பெரும்பாலும் அவர் தொலைபேசியில்தான் இருப்பார். “விசாரணைக்குக் கூட்டிக்கொண்டு போனார்கள்” என்று யாழ்ப்பாணத்தவர் சொன்னால் அந்த ஒரு சொல்லுக்குள் ராணுவ முகாமும் அடியும் இருக்கின்றன. சென்னையில் வளர்ந்த மொழிபெயர்ப்பாளர் காதில், ஏதோ அலுவலகத்தில் உட்காரவைத்துக் கேள்வி கேட்டதாக மட்டும் அது விழலாம். ‘இயக்கம்’ என்ற சொல்லும் அப்படித்தான்: ஈழத்தவருக்கு அது ஆயுதப் போராட்ட அமைப்பு, மற்றவருக்கு ஏதோ ஒரு சங்கம். ஆகவே யார் வந்தார்கள், எங்கே வைத்திருந்தார்கள், எதனால் அடித்தார்கள், எத்தனை நாள் என்று உடைத்து உடைத்துச் சொல்ல வேண்டும். புரியவில்லை என்றால் வேறு மொழிபெயர்ப்பாளரைக் கேட்கலாம். கடைசியில் அதிகாரி சுருக்கத்தைப் படித்துக் காட்டுவார். பிழை இருந்தால் அங்கேயே திருத்திவிட வேண்டும்.

“கையெழுத்துப் போட்டால் சீக்கிரம் ஊருக்குப் போய்விடலாம்” என்று ஒரு தாளை நீட்டினால், அது என்ன தாள் என்று தெரியாமல் தொடக் கூடாது. நீதிபதி முன் நிற்கும் உரிமையையே விட்டுக்கொடுக்கும் தாளாக அது இருக்கலாம். மறுப்பது குற்றமல்ல.

பிணைக்கு வருவோம். விசாவில் வந்து காலம் கடந்து தங்கியவர், குற்ற வழக்கு எதுவும் இல்லாதவர் என்றால், பொதுவாக நீதிபதியிடம் பிணை கேட்கலாம். குறைந்தபட்சத் தொகை 1,500 டாலர். உண்மையில் கேட்கும் தொகை பல மடங்கு இருக்கலாம். தலைமறைவாக மாட்டார், பிறருக்கு ஆபத்தில்லை என்று காட்ட வேண்டும்: நிலையான முகவரி, வேலைக் கடிதம், குடும்பத்தாரின் கடிதங்கள். சில குற்றங்களுக்குப் பிணையே கிடையாது. எல்லையை அனுமதியின்றித் தாண்டியவர்களுக்கும், அவர்கள் எத்தனை ஆண்டு உள்ளே வாழ்ந்திருந்தாலும், குடியேற்ற நீதிபதி பிணை தர முடியாது என்று 2025 செப்டம்பரில் குடியேற்ற மேல்முறையீட்டு வாரியம் தீர்ப்பளித்தது. நீதித்துறையைச் சேர்ந்த கூட்டாட்சி நீதிபதிகள் பலர் அதை ஏற்கவில்லை. அவர்களிடம் ஆட்கொணர்வு மனுப் போட்டுப் பலர் பிணை விசாரணை பெற்றிருக்கிறார்கள்.

நாடுகடத்தல் உத்தரவு இறுதியாகியும் சொந்த நாடு ஏற்கவில்லை என்றால் காலமெல்லாம் அடைத்துவைக்க முடியாது. 2001ஆம் ஆண்டுத் தீர்ப்பின்படி 6 மாதம் வரை வைத்திருப்பது நியாயமான காலமாகக் கருதப்படும். அதற்குப் பிறகு, அண்மையில் அனுப்பிவைக்க வாய்ப்பில்லை என்று காட்டினால், கண்காணிப்பு நிபந்தனையோடு வெளியே விட வேண்டும். தானாக நடந்துவிடாது, இதற்கும் ஆட்கொணர்வு மனுத்தான் வழி.

அந்த மனுவை, அவர் அடைக்கப்பட்டிருக்கும் மாவட்டத்தின் கூட்டாட்சி நீதிமன்றத்தில்தான் போட வேண்டும். அதனால்தான் ஆள் எங்கே இருக்கிறார் என்று கண்டுபிடிப்பது முதல் வேலை. துறையின் இணையதளத்தில் தேடலாம். ஆனால் நம் பெயர்கள் அங்கே சிக்கிக்கொள்ளும். பாஸ்போர்ட்டில் ஒரே பெயர் இருந்தால், அமெரிக்க விசாவில் அது குடும்பப்பெயராகப் பதிவாகி, முதற்பெயர் இருக்க வேண்டிய இடத்தில் எஃப்என்யூ (‘முதற்பெயர் தெரியாது’ என்பதன் ஆங்கிலச் சுருக்கம்) என்று அச்சாகியிருக்கும். அப்பா பெயரை முன்னும் பின்னும் மாற்றிப் போட்டுப் பாருங்கள். பிறந்த நாட்டையும் கேட்கும்: தமிழ்நாட்டு அகதி முகாமில் பிறந்தவருக்கு அது இந்தியாவாகப் பதிவாகியிருக்கலாம். ‘ஏ’ எழுத்தில் தொடங்கும் 9 இலக்க எண் கையில் இருந்தால் இந்தச் சிக்கல் குறையும். முதல் தொலைபேசி அழைப்பிலேயே அதைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். ஒரு மாநிலத்தில் பிடித்தவரை ஓரிரு நாளில் டெக்சாசுக்கோ லூசியானாவுக்கோ மாற்றிவிடுவதுண்டு. சரியான மாவட்டத்தில் மனு பதிவான பிறகு அவரை வேறு எங்கே மாற்றினாலும் அந்த நீதிமன்றத்தின் அதிகாரம் போகாது. 1944ஆம் ஆண்டிலிருந்து அதுதான் சட்டம்.