ஃபானா: சொல்லும் பொருளும்

ஓர் இடத்தின் விலங்குகளைச் சேர்த்துக் குறிக்கும் ஃபானா (fauna) என்ற ஆங்கிலச் சொல்லுக்குத் தமிழில் எது பொருந்தும்? முதலில் அதன் கதை. ஃபுளோரா, ஃபானா இரண்டும் ரோமானியத் தெய்வப் பெயர்கள். ஃபுளோரா பூக்களின் தேவி. ஃபானா, ஃபாவுனுஸ் என்ற காட்டுத் தெய்வத்தின் துணைவி. மனைவி, தங்கை, மகள் எனக் கதைக்குக் கதை முறை மாறும்!

காட்டுக்கும் மேய்ச்சல் நிலத்துக்கும் மந்தைக்கும் காவல் ஃபாவுனுஸ். டிசம்பர் 5இல் சிற்றூர்களில் அவருக்கு விழா. ஆட்டுக்குட்டியைப் பலியிட்டு, மதுவைப் படைத்து, ஏர்மாட்டுக்கும் அன்று ஓய்வு கொடுத்து ஆடுவார்கள். கி.மு. 194இல் ரோமில் டைபர் ஆற்றுத் தீவில் கோயிலும் எழுந்தது. பிறகு கிரேக்கரின் பான் தெய்வத்தோடு ஒன்றாக்கிப் பேசப்பட்டதில் ஆட்டுக் கொம்பும் குளம்பும் இவருக்கும் வந்துவிட்டன.

அறிவியலில் ஃபானா என்ற பெயரை நிலைக்க வைத்தவர் சுவீடனின் கார்ல் லின்னேயஸ். தம் நாட்டுத் தாவரங்களைப் பற்றி 1745இல் எழுதிய நூலுக்கு ஃபுளோரா என்றும், மறுஆண்டு விலங்குகளைப் பற்றி எழுதியதற்கு ஃபானா என்றும் பெயரிட்டார். அழியும் நிலையிலுள்ள உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் 1973ஆம் ஆண்டு உடன்படிக்கையின் பெயரிலும் இந்த இணை உண்டு.

ஃபானா என்றால் வெறுமனே விலங்கு என்று பொருளல்ல. ஓர் இடத்துக்கோ ஒரு காலத்துக்கோ உரிய விலங்குகள் அனைத்தும் சேர்ந்தது அது. நீலகிரிக்கு ஒரு ஃபானா உண்டு. மிகப் பழைய புவியியல் காலமான கேம்பிரியனுக்கும் உண்டு. ஒற்றை யானையை அப்படிச் சொல்ல முடியாது.

தமிழில் இந்தக் கருத்து புதிதல்ல. ஒவ்வொரு திணைக்கும் உரிய கருப்பொருள்களில் மாவையும் (விலங்கு) புள்ளையும் (பறவை) தொல்காப்பியம் சேர்க்கிறது. அந்த 'மா'வை வைத்து ஃபானாவை மாவடை என்று எழுதுவோர் உண்டு. அழகான சொல்தான். ஆனால் சுறாவும் முதலையும் மீன், அவற்றை மா என்பது மரபன்று என்று தொல்காப்பிய உரையாசிரியர் நச்சினார்க்கினியரே மறுக்கிறார். பூச்சியும் நத்தையும் அதற்குள் எப்படி அடங்கும்? விலங்குவளம் என்ற மாற்றுச் சொல்லிலோ வளம் குறுக்கே நிற்கிறது. வறண்ட பாலைக்கும் ஃபானா உண்டே.

விலங்கு என்ற சொல் பள்ளிப் பாடநூல்களில் புழுவரை விரிந்துவிட்டதால், விலங்கினங்கள் என்பதே என் தேர்வு. 'கள்' கட்டாயம் வேண்டும். விலங்கினம் என்று நிறுத்தினால் ஒரே ஓர் இனம் என்றாகிவிடும். இடப்பெயரும் முன்னால் வரட்டும்: நீலகிரி விலங்கினங்கள். பறவைகளை மட்டும் சொல்லும் ஏவிஃபானாவுக்குப் பறவையினங்கள் போதும்.