குவாஷ் ஓவியத்துக்கு வார்னிஷ் வேண்டாம்

காகித ஓவியங்களைப் பழுதுபார்ப்பது என் தொழில். குவாஷ் (தண்ணீரில் குழைத்துத் தீட்டும், அடியிலுள்ளதை மறைக்கும் பிசின் வண்ணம்) ஓவியம் வைத்திருப்பவர்கள் என்னிடம் அதிகம் கேட்பது, "மேலே ஒரு கோட்டு வார்னிஷ் அடித்தால் நிறம் பளிச்சென்று இருக்குமா?" என்பதுதான். பளபளப்பு வரும். ஆனால் குவாஷின் அழகு அதோடு போய்விடும்.

நேப்பிள்ஸில் 1952இல் பிறந்த ஓவியர் ஃபிரான்செஸ்கோ கிளெமெந்தேயை எடுத்துக்கொள்வோம். மறுமலர்ச்சிக்கால இத்தாலியர்களின் ஃப்ரெஸ்கோ முறையை, அதாவது ஈரச் சுண்ணாம்புப் பூச்சின்மேல் வரைவதை, நம் காலத்தில் கையில் எடுத்தவர். 1970களின் பிற்பகுதியில் மதராஸில் தங்கி, அடையாறு பிரம்மஞான சபை நூலகத்தில் படித்தவரும்கூட. இந்தியச் சிற்றோவியக் கலைஞர்களோடு சேர்ந்து 1980-81இல் 24 குவாஷ்கள் கொண்ட வரிசை ஒன்றைச் செய்தார். 1983இல் 'கன்வர்ஷன் டு ஹெர்' என்ற ஃப்ரெஸ்கோவை வரைந்தார். குவாஷுக்கும் ஃப்ரெஸ்கோவுக்கும் பொதுவானது அந்தப் பளபளப்பில்லாத, மாவு பூசியதுபோன்ற நிறம்.

தோற்றம்தான் ஒன்று, உறுதி வேறு. ஃப்ரெஸ்கோவில் ஈரச் சுண்ணாம்பு காற்றிலுள்ள கரியமிலவாயுவை இழுத்துக் கல்லாகும்போது நிறத்துகளும் அதற்குள் சிறைப்படுகிறது. இத்தாலிய ஓவியர் மசாச்சோ 1420களில் ஃபிளாரன்ஸின் பிரான்காச்சி சிற்றாலயத்தில் வரைந்த ஃப்ரெஸ்கோக்கள், 1771இல் அந்தத் தேவாலயமே பற்றி எரிந்தபோதும் புகையேறித் தப்பின. குவாஷுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. பிசின் மட்டுமே நிறத்தைப் பிடித்திருக்கிறது, அதுவும் குறைவாக. எத்தனை வருடமானாலும் தண்ணீர் பட்டால் கரையும்.

பிசின் குறைவு என்பதால் துகள்களுக்கிடையே காற்று நிற்கிறது. அதில் ஒளி சிதறுவதால்தான் அந்த மங்கிய வெண்மை. வார்னிஷ் அந்த இடைவெளிகளை நிரப்பிவிடும். நிறம் கறுக்கும், எண்ணெய்க்கறைபோல் காகிதத்துக்குள்ளும் இறங்கும். அப்புறம் அதை வெளியே எடுக்க என்னாலும் பெரும்பாலும் முடியாது.

சரி, பாதுகாப்புக்கு என்ன வழி? கண்ணாடிதான். ஆனால் கண்ணாடி ஓவியத்தைத் தொடக்கூடாது. மழைக்கால ஈரத்தில் நிறம் அதிலேயே ஒட்டிக்கொள்ளும். இரண்டுக்கும் இடைவெளி விட, ஓவியத்தின் ஓரத்தைச் சுற்றி அமிலமில்லாத மவுண்ட் அட்டை வைக்கச் சொல்லுங்கள். அக்ரிலிக் தகடு லேசு, உடையாது என்று கடையில் சொல்வார்கள். நிறம் உதிரும் ஓவியத்துக்கு அது ஆகாது, நிலைமின்சாரம் துகளை இழுத்துவிடும். ஜன்னலுக்கு எதிரே மாட்டாதீர்கள். அருங்காட்சியகங்கள் இவற்றுக்கு 50 லக்ஸ் (வெளிச்சத்தின் அளவு) என்ற மங்கலான வெளிச்சத்தோடு நிறுத்திக்கொள்கின்றன. துணியால் துடைக்கவும் வேண்டாம், தேய்த்த இடம் பளபளத்துத் தனியாகத் தெரியும்.

நிறம் உதிர்ந்திருந்தால் பசை போட்டு ஒட்டாதீர்கள். ஓவியத்தைச் சுருட்டாமல், முகம் மேலே இருக்கும்படி கிடைமட்டமாகக் கொண்டுவாருங்கள். உதிர்ந்த துணுக்குகளையும் ஒரு காகித உறையில் போட்டு எடுத்துவாருங்கள்.