நாசில் செக் தாளைப் படிக்காமல் ஹெட்டைத் தொடாதீர்கள்

இங்க் டேங்க் பிரிண்டரில் அடித்த போட்டோவில் கோடு விழுந்ததும் ஸ்டுடியோக்களில் முதலில் நடப்பது ஹெட் கிளீனிங், அதாவது இங்க் தெளிக்கும் ஹெட் வழியே பிரிண்டரே இங்கை உறிஞ்சிச் சுத்தம் செய்வது. கோடு போகவில்லையென்றால் இன்னொன்று, பிறகு இன்னொன்று. டேங்கில் இங்க் மட்டம் கண்ணெதிரே இறங்கும், கோடு அப்படியே இருக்கும். கடைசியில் "ஹெட் அடைச்சுக்கிச்சு" என்று பிரிண்டர் சர்வீசுக்கு வரும். அப்படி வரும் எப்சன் எல்805, எல்1800 போன்றவற்றில் பலவற்றுக்கு ஹெட்டில் அடைப்பே இருப்பதில்லை. குழாயில் காற்று ஏறியிருக்கும், ஓய்வில் ஹெட்டை மூடிவைக்கும் கேப்பிங் ஸ்டேஷன் (கேப்) ஒழுங்காக மூடாமலிருக்கும், அல்லது இங்க் மாற்றிய விதத்தில் கோளாறு இருக்கும். எது என்று நாசில் செக் தாளே சொல்லிவிடும்; ஹெட்டின் ஒவ்வொரு துளையும் (நாசில்) இங்க் விடுகிறதா என்று காட்டப் பிரிண்டர் கோடுகளாக அடித்துத் தரும் தாள் அது.

இரண்டு தாள் எடுங்கள். நடுவில் ஒரே ஒரு கிளீனிங். இரண்டிலும் அதே இடத்தில் அதே கோடு விட்டுப்போயிருந்தால் அது அடைப்பு. முதல் தாளில் ஓரிடம், இரண்டாவதில் வேறிடம் என்று இடைவெளி நகர்ந்தால் அது காற்றுக்குமிழி. கிளீனிங்குக்குப் பிறகு ஒரு நிறம் மொத்தமாகக் காணாமல் போனால் கேப்பையோ டேம்பரையோ (குழாய்க்கும் ஹெட்டுக்கும் நடுவே வடிகட்டி வலையோடு இருக்கும் சின்ன இங்க் அறை) பாருங்கள். பம்ப் உறிஞ்சும்போது இங்குக்குப் பதில் காற்று வருகிறது என்று பொருள். நாசில் செக் சரியாக இருந்தும் பெரிய படத்தில் பாதிக்கு மேல் நிறம் மங்கினால் ஹெட்டுக்கு இங்க் போதவில்லை. டேங்கின் காற்றுத் துளை அடைத்திருக்கலாம். பிரிண்டரைத் தூக்கிச் செல்லும்போது இங்க் ஓட்டத்தை அடைக்கும் டிரான்ஸ்போர்ட் லாக் உள்ள மாடலில், கடை மாற்றியபோது திருப்பிய லாக்கைத் திரும்ப பிரிண்ட் நிலைக்குக் கொண்டுவராமல் விட்டிருக்கலாம். கேட்கச் சிரிப்பாக இருக்கும், ஆனால் அந்த லாக்கைப் பார்க்காமலே ஹெட்டைக் கழற்றுகிறவர்கள் உண்டு.

மஞ்சள் கோடு வெறுங்கண்ணுக்குச் சரியாகத் தெரியாது. மொபைல் திரையில் முழு நீல நிறப் படத்தை வைத்து, இருட்டில் அந்த வெளிச்சத்தைத் தாள்மீது காட்டினால் மஞ்சள் கோடுகள் கறுப்பாகத் தெரியும்.

காற்று என்று தெரிந்தால் கிளீனிங்கை நிறுத்துங்கள். டேங்க் மட்டம் கீழ்க்கோட்டுக்கு மேல் இருக்கிறதா என்று பார்த்து, பவர் பட்டனில் அணைத்து, இரவு முழுக்க விடுங்கள். குமிழிகள் மேலேறிவிடும், அல்லது இங்கிலேயே கரைந்துவிடும். அடுத்தடுத்து மூன்று நான்கு கிளீனிங் கொடுத்தால் நுரைதான் கூடும். குழாயிலுள்ள இங்க் முழுவதையும் ஒரேயடியாக வெளியே தள்ளும் பவர் இங்க் ஃபிளஷிங் கடைசி வழி. அதற்கு முன் எல்லா டேங்கிலும் மூன்றில் ஒரு பங்காவது இங்க் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் குழாய்க்குள் புதிதாகக் காற்று ஏறும். அது குடிக்கும் இங்க் முழுவதும் கழிவு இங்கை உறிஞ்சும் வேஸ்ட் பேடில்தான் சேரும். பேட் எவ்வளவு நிறைந்தது என்று எண்ணும் கவுன்ட்டரை மென்பொருளில் ரீசெட் செய்துவிட்டுப் பேடை மாற்றாமல் விட்டால், ஒருநாள் மேசை முழுக்க இங்க் ஒழுகும்.

இங்க் மாற்றுவது

எல்805-இல் நிறத்துக்கு 90 வீதம் ஆறு நிறத்துக்கு 540 நாசில். மிகச் சிறிய துளி 1.5 பிகோலிட்டர். இவ்வளவு சின்னத் துளை வழியே போகும் திரவத்தில் எது கரைந்திருக்கிறது, எது மிதக்கிறது என்பதுதான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. டை இங்கில் நிறம் முழுதாகக் கரைந்திருக்கும். பிக்மென்ட் இங்கில் நிறம் நுண்துகளாக மிதக்கும். துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டாமல் இருக்க ஒரு வேதிப்பொருள் காவல் நிற்கும். டை இங்க் மிச்சமிருக்கும் குழாயில் பிக்மென்டை ஊற்றினால் அந்தக் காவல் உடையலாம். துகள்கள் திரண்டு கூழாகி டேம்பர் வலையில் படியும். ஊற்றிய அன்று படம் அருமையாக வரும். அடைப்பு சில நாள் கழித்துத்தான் தெரியும், அதற்குள் பழி ஹெட்மேல் போயிருக்கும்.

மக், டி-ஷர்ட் வேலைக்காகப் போட்டோ பிரிண்டரைச் சப்ளிமேஷனுக்கு (தாளில் அடித்த படத்தைச் சூட்டால் பொருள்மேல் ஏற்றும் முறை) மாற்றுவது இப்போது பரவலாகிவிட்டது. சப்ளிமேஷன் இங்கும் மிதக்கும் வகைதான். வாரக்கணக்கில் அசையாமல் கிடந்தால் அடியில் படியும். சப்ளிமேஷனுக்குப் போன பிரிண்டரை மறுபடி போட்டோவுக்குக் கொண்டுவரவே கூடாது என்பது எங்கள் கருத்து. கழுவக் கழுவ எங்கோ ஒரு மூலையில் மிச்சம் இருக்கும். மக் வேலை நிரந்தரம் என்றால் அதற்கென்று தனி பிரிண்டர் வைத்துக்கொள்வது லாபம்.

டையிலிருந்து வேறொரு கம்பெனியின் டைக்கு மாறுவதில் ஆபத்து குறைவு, இல்லாமலில்லை. ஊற்றும் முன் ஒரு சோதனை செய்யுங்கள். பழைய இங்கும் புதிய இங்கும் ஒவ்வொரு மி.லி. எடுத்து, சின்னக் கண்ணாடிக் குப்பியில் கலந்து மூடி, ஒரு நாள் வையுங்கள். பிறகு குப்பியைச் சாய்த்துப் பாருங்கள். கண்ணாடிச் சுவரில் மணல்போலப் பொடி ஒட்டினாலோ, அடியில் கசடு தங்கினாலோ, ஃபில்டர் தாளில் ஊற்றும்போது வழியாமல் நின்றாலோ, குழாயை முழுதாகக் கழுவாமல் அந்த இங்கை உள்ளே விடாதீர்கள். ஆறு நிறத்தையும் தனித்தனியாகச் சோதிக்க வேண்டும். சியான் ஒத்துப்போனதால் கறுப்பும் ஒத்துப்போகும் என்று சொல்ல முடியாது.

கழுவுவதை ஹெட் கிளீனிங்கிடம் விடாதீர்கள். குழாயின் உள்விட்டம் 2 மி.மீ., நீளம் 1 மீட்டர் என்று வைத்துக்கொண்டால் அதில் மட்டும் நிறத்துக்கு 3 மி.லி. நிற்கும். டேம்பரும் ஹெட்டும் தனி. அத்தனையையும் கிளீனிங் வழியாகத் தள்ளினால் பேடுதான் நிரம்பும். டேங்கிலிருந்து பழைய இங்கைச் சிரிஞ்சால் எடுத்துவிடுங்கள். டேம்பரை ஹெட்டிலிருந்து கழற்றி, அதன் வாயில் 10 மி.லி. சிரிஞ்சை வைத்து மெதுவாக இழுங்கள். குழாய் காலியானதும் டேங்கில் 20 மி.லி. கிளீனிங் திரவம் ஊற்றி மறுபடி இழுங்கள். வரும் திரவம் நிறமில்லாமல் தெளியும்வரை இதுவே வேலை. கடைசியாகப் புதிய இங்கை ஊற்றி, டேம்பர் நிறையும்வரை இழுத்து, குமிழி இல்லாமல் மாட்டுங்கள். டேம்பர் பழையதென்றால் இந்தச் சமயத்திலேயே மாற்றிவிடுங்கள். ஹெட்டோடு பார்த்தால் அதன் விலை ஒன்றுமில்லை. வேலை நடக்கும்போது டேங்கைப் பிரிண்டர் மேலே தூக்கி வைக்கக் கூடாது. ஹெட்டைவிட உயரமாக இருந்தால் இங்க் தானாக இறங்கிச் சொட்டும், பக்கத்து நிறங்களும் கலந்துவிடும்.

இங்க் மாறினால் கலர் புரொஃபைலும் (அந்த இங்குக்கும் தாளுக்கும் ஏற்ப நிறத்தைச் சரிசெய்யும் கோப்பு) மாற வேண்டும். முகம் சிவந்து வருகிறதென்று டிரைவரில் மெஜன்டாவைக் குறைத்துக்கொண்டே போவது தீர்வாகாது. பிக்மென்ட் இங்கை மலிவான கிளாஸி தாளில் அடித்தால் விரலோடு வந்துவிடும். அதற்கு ஹெட் பொறுப்பில்லை.

உண்மையான அடைப்பு

மெடிக்கலில் ஊசி மருந்து கலக்க விற்கும் சுத்த நீரோ, அந்த இங்குக்கென்று விற்கும் கிளீனிங் திரவமோ போதும். குழாய்த் தண்ணீர் வேண்டாம்; அதிலுள்ள உப்பே புதிய அடைப்பாகும். நெயில் பாலிஷ் ரிமூவரை ஹெட் பக்கமே கொண்டுபோகாதீர்கள், உள்ளிருக்கும் பசையைக் கரைக்கும். முதலில் கேப்பின் ரப்பர் ஓரத்தையும் வைப்பரையும் (ஹெட்டைத் துடைக்கும் ரப்பர் தகடு) நூல் பிரியாத துணியால் துடையுங்கள். கேப்பினுள் 2 மி.லி. திரவம் விட்டு, ஹெட்டை அதன்மேல் நிறுத்தி, இரவு ஊறவிடுங்கள். காலையில் ஒரே ஒரு கிளீனிங், ஒரு நாசில் செக். தேவைப்பட்டால் மறுநாளும் இதையே செய்யலாம்.

சிரிஞ்சை நேரடியாக ஹெட்டில் செருகி அழுத்துகிறவர்கள் ஹெட்டைத் தாங்களே கொல்கிறார்கள். அழுத்தம் மிஞ்சினால் உள்ளே இருக்கும் மெல்லிய அடுக்குகள் பிரியும், நிறங்கள் ஒன்றுக்குள் ஒன்று புகும். ஹெட்டுக்குப் போகும் பட்டைக் கேபிளில் ஒரு சொட்டு ஈரம் இருக்கும்போது பவர் போட்டால் ஹெட்டோடு மெயின் போர்டும் போகும்.

கேனன், எச்பி பிரிண்டர்களுக்குக் கணக்கு வேறு. அவற்றில் இங்கைச் சூடாக்கி, அந்த ஆவிக் குமிழியால் துளியைத் தள்ளுகிறார்கள். இங்க் வராத நாசிலைத் தொடர்ந்து ஓட்டினால் குளிர இங்க் இல்லாமல் ஹீட்டர் கருகும். ஒரு நிறம் விட்டதும் பிரிண்டை நிறுத்திவிடுவதே அங்கே முதல் வைத்தியம்.

அடைப்பு வராமலிருக்கச் செய்ய வேண்டியவை கொஞ்சம்தான், ஆனால் நம் ஊரில் முதலில் தவறுவது சுவிட்சில். கடை மூடும்போது மெயினை அணைத்தால் பிரிண்டரும் அணைந்துவிட்டது என்று நினைக்கிறோம். பவர் பட்டனை அமுக்கினால்தான் ஹெட் கேப்புக்குள் போய் மூடிக்கொள்ளும். பிரிண்ட் ஓடும்போது கரன்ட் போனால் ஹெட் நடுவழியில் திறந்தபடி நிற்கும். கரன்ட் வந்ததும் ஆன் செய்து, பட்டனில் அணையுங்கள். ஏசி காற்றும் ஃபேன் காற்றும் நேராகப் படாத இடத்தில் வையுங்கள். வாரம் இருமுறை ஆறு நிறமும் உள்ள ஒரு 4x6 படத்தைப் போட்டோ தாள் செட்டிங்கிலேயே அடியுங்கள். சாதாரணத் தாளில் கறுப்பு எழுத்து மட்டும் அடித்துக்கொண்டிருக்கும் கடைகளில் லைட் சியானும் லைட் மெஜன்டாவும் வாரக்கணக்கில் சும்மா கிடந்து, முகூர்த்த நாளில் கைவிடும்.

இரண்டு இரவு ஊறிய பிறகும் அதே இடைவெளி அணுவளவும் நகராமல் இருந்தாலோ, ஒரு நிறம் நிற்காமல் பட்டையாகக் கொட்டினாலோ, அது பெரும்பாலும் இங்க் விஷயமில்லை. ஹெட்டின் மின்பகுதி போயிருக்கலாம்; அப்படியானால் எந்தத் திரவமும் அதைத் திருப்பாது. புது ஹெட்டின் விலையையும் பிரிண்டரின் வயதையும் பக்கத்தில் வைத்துப் பார்த்து முடிவெடுங்கள்.