ஞாயிற்றுக்கிழமை ஷட்டிலும் குதிகால் நாணும்

வாரம் முழுவதும் பழைய மகாபலிபுரம் சாலை அலுவலகங்களில் நாற்காலியை விட்டு எழாமல் வேலை பார்த்துவிட்டு, ஞாயிற்றுக்கிழமை காலையில் ஷட்டில் கோர்ட்டில் இரண்டு மணி நேரம் விடாமல் ஆடுகிறவர்கள் சென்னையில் பெருகியிருக்கிறார்கள். ஆடுவது நல்லதுதான். ஆனால் இயன்முறை மருத்துவராகத் திங்கட்கிழமை காலையில் நான் பார்க்கும் காயங்களில் பல, ஆடியதால் வந்தவை அல்ல, ஆறு நாள் அசையாமலிருந்துவிட்டு ஏழாம் நாள் அளவு மீறி ஆடியதால் வந்தவை.

அவற்றுள் மோசமானது, கெண்டைக்கால் சதையைக் குதிகால் எலும்போடு இணைக்கும் தடித்த நாரான குதிகால் நாண் அறுந்துபோவது. முப்பது முதல் ஐம்பது வயது வரையுள்ள ஆண்களிடம் இது அதிகம். வலையோரம் விழும் ஷட்டிலை எடுக்கப் பாய்ந்தபோது பின்னாலிருந்து யாரோ காலில் உதைத்தது போலிருந்தது, திரும்பிப் பார்த்தால் ஆளே இல்லை என்று பலரும் ஒரே மாதிரி சொல்வார்கள். வலி சீக்கிரம் அடங்கிவிடலாம், நொண்டியபடி நடக்கவும் முடியும் என்பதால் சுளுக்கு என்று எண்ணி எண்ணெய் தேய்த்துக்கொண்டு நாட்களைக் கடத்திவிடுகிறார்கள். குப்புறப் படுக்கவைத்து, பாதத்தைக் கட்டிலின் விளிம்புக்கு வெளியே தொங்கவிட்டு, கெண்டைக்கால் சதையைப் பிடித்து அழுத்தினால் பாதம் கீழ்நோக்கி அசைய வேண்டும். அசையவில்லை என்றால் அன்றே எலும்பு மருத்துவரைப் பார்த்துவிட வேண்டும்.

பயிற்சி தொடங்கிய சில வாரங்களில் இதயமும் நுரையீரலும் பழகிவிடும். ரத்த ஓட்டம் குறைவான நாண்கள் பலப்பட மாதக்கணக்கில் ஆகும். "மூச்சு வாங்கவில்லை, இன்னொரு கேம் போடலாம்" என்பது நுரையீரலின் கணக்கு, நாணின் கணக்கு அல்ல. ஆகவே ஒரே நாளில் இரண்டு மணி நேரம் ஆடுவதை வாரத்தில் மூன்று நாட்களாகப் பிரித்துக்கொள்ளுங்கள். வாரத்துக்கு 150 முதல் 300 நிமிட மிதமான உடலுழைப்பு என்று உலக சுகாதார நிறுவனம் 2020-இல் சொன்னது பலருக்கும் தெரியும். அதே பரிந்துரையில் வாரம் இரண்டு நாளாவது தசைகளுக்கு வலுவூட்டும் பயிற்சி வேண்டும் என்றிருப்பதைத்தான் வசதியாக மறந்துவிடுகிறோம். மாடிப்படி விளிம்பில் முன்பாதத்தை ஊன்றி, இரு கால்களாலும் எழும்பி, ஒரு காலால் மெதுவாகக் குதிகாலை இறக்கும் பயிற்சி குதிகால் நாணுக்கு உதவும். நாணில் நாள்பட்ட வலி உள்ளவர்களுக்கு இதையே 15 முறை கொண்ட 3 சுற்றுகளாக, தினமும் இரு வேளை, 12 வாரங்கள் கொடுத்து ஸ்வீடனின் ஆல்ஃபிரெட்சன் குழுவினர் 1998-இல் நல்ல பலன் கண்டார்கள். அறுந்த நாணுக்கு இது பொருந்தாது.

நோயாளிகள் அதிகம் கேள்விப்படாத ஒன்றும் உண்டு. மருந்துக்கடையில் தாமாகவே கேட்டு வாங்கும் சிப்ரோஃப்ளாக்சசின், லீவோஃப்ளாக்சசின் போன்ற ஆன்டிபயாடிக் மாத்திரைகள் நாண் அறுவதற்கான வாய்ப்பைக் கூட்டுகின்றன. அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2008-லேயே இதற்கு மிகக் கடுமையான எச்சரிக்கையை விதித்தது. மருத்துவர் எழுதிக்கொடுத்தே சாப்பிட்டாலும், குதிகாலில் வலி தெரிந்தால் ஆட்டத்தை நிறுத்திவிட்டு அவரிடம் சொல்லுங்கள்.

ஓட்டப் பயிற்சிக்கான காலணியோடு கோர்ட்டில் இறங்காதீர்கள். அதன் உயரமான, மெத்தென்ற அடிப்பாகம் பக்கவாட்டில் பாயும்போது சாய்ந்து கணுக்காலைப் புரட்டிவிடும். தட்டையான ரப்பர் அடிப்பாகம் கொண்டதே ஷட்டிலுக்கு ஏற்றது. கணுக்கால் பிசகிய பின் நான்கு காலடி கூட எடுத்துவைக்க முடியவில்லை என்றாலோ, கணுக்கால் எலும்பின் பின்விளிம்பிலோ நுனியிலோ தொட்டால் வலித்தாலோ எக்ஸ்ரே அவசியம். முதல் இரண்டு நாட்கள் யாரையும் நீவிவிட அனுமதிக்காதீர்கள். உள்ளே ரத்தக் கசிவும் வீக்கமும் கூடும்.

எப்போது மீண்டும் ஆடலாம் என்பதற்கு வலி நின்றுவிட்டதை மட்டும் அளவாகக் கொள்ள முடியாது. ஒற்றைக் காலில் நின்று குதிகாலைத் தூக்கி இறக்கிப் பாருங்கள். நல்ல காலால் எத்தனை முறை முடிகிறதோ, ஏறத்தாழ அத்தனை முறை, அதே உயரத்துக்கு, காயம்பட்ட காலாலும் முடிய வேண்டும். அதுவரை கோர்ட்டுக்குப் போனாலும் ஸ்கோர் சொல்வதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.